ஆண்டுக்கு ஒரு மிளகு

நியூயார்க்கில் வால் ஸ்ட்ரீட்டுக்குப் போகிறவர்கள் பங்குச் சந்தைக் கட்டடத்தின் முன் ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நீங்கள் அங்கிருந்தே மேற்கே பாருங்கள். தெரு போய் முட்டும் இடத்தில் பழுப்புக் கல்லில் ஒரு கூர்ங்கோபுரம் தெரியும். அதுதான் டிரினிட்டி ஆலயம். 281 அடி. 1890 வரை இந்த நகரத்திலேயே உயரமானது அதுதான் என்றால் இன்று நம்பக் கஷ்டமாக இருக்கும்.

4, 5 எண் ரயில்களில் வந்து வால் ஸ்ட்ரீட் நிலையத்தில் இறங்கினால் வாசலுக்கே வந்துவிடலாம். கட்டணம் இல்லை. ஆராதனை நடந்துகொண்டிருந்தால் சுற்றிப் பார்க்காமல் உட்கார்ந்துவிடுங்கள், சி.எஸ்.ஐ. ஆலயங்களில் பழகியவர்களுக்கு முறை அந்நியமாகத் தோன்றாது. இதுவும் ஆங்கிலிக்கன் குடும்பம்தான். புரட்சிக்குப் பிறகு இங்கிலாந்து மன்னருக்காக ஜெபிக்க வழியில்லாமல் போகவே, அமெரிக்காவில் தனியாக அமைந்தது எபிஸ்கோப்பல் சபை.

முதல் கட்டடம் 1776 தீயில் போனது. இரண்டாவதைப் பனியின் பாரம் தளர்த்திவிட, 1839-இல் இடித்தார்கள். இப்போது நிற்பது ரிச்சர்ட் அப்ஜான் வடிவமைத்து 1846-இல் பிரதிஷ்டையானது.

எனக்குப் பிடித்த கதை மிளகுக் கதை. 1697-இல் மூன்றாம் வில்லியம் தந்த சாசனப்படி, சபை அரசருக்குத் தரவேண்டிய குத்தகை ஆண்டுக்கு ஒரே ஒரு மிளகு. 1976-இல் எலிசபெத் ராணி வந்தபோது, பழைய பாக்கி என்று 279 மிளகுகளைக் கையில் கொடுத்துவிட்டார்கள்! நம் ரசத்துக்குக்கூடத் தாராளமாகப் போதும். சிரிக்கலாம், ஆனால் 1705-இல் ஆன் ராணி கொடுத்த 215 ஏக்கர் மன்ஹாட்டன் நிலம்தான் இந்தச் சபையை அமெரிக்காவின் பெரும் பணக்காரச் சபைகளில் ஒன்றாக்கியது.

கல்லறைத் தோட்டத்துக்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். தெற்குப் பக்கம் அமெரிக்காவின் முதல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டனின் வெள்ளை நினைவுச்சின்னம். 1804-இல் அரசியல் எதிரி ஆரன் பர்ருடன் துப்பாக்கிச் சண்டையிட்டு மரணப் படுக்கையில் கிடந்தவர் திருவிருந்து கேட்டபோது, இப்படிச் சண்டை போடுவது பாவம் என்று பேராயர் மூர் முதலில் மறுத்தார், பிறகுதான் இரங்கினார். வடக்குப் பக்கம் 1681-இல் இறந்த ஐந்து வயதுச் சிறுவன் ரிச்சர்ட் சர்ச்சரின் கல் இருக்கிறது. கூட்டமெல்லாம் ஹாமில்டனிடம், நீங்கள் இந்தப் பையனையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

பிராட்வே தெருவில் வடக்கே ஐந்து நிமிடம் நடந்தால், இதே சபையின் புனித பவுல் சிற்றாலயம். 1766-இல் கட்டியது. 1789-இல் பதவியேற்ற கையோடு ஜார்ஜ் வாஷிங்டன் ஜெபிக்க வந்த இடம். எதிரிலேயே உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்கள் விழுந்த நாளிலும் இதற்குப் பெரிய சேதமில்லை. மீட்புப் பணியாளர்கள் மாதக்கணக்கில் சாப்பிட்டதும் படுத்ததும் இங்கேதான்.

இங்கே நிறுத்திவிடாதீர்கள். மிளகுச் சாசனம் கிடைத்த அதே 1697-இல், தன் கல்லறைத் தோட்டத்தில் கறுப்பினத்தவரைப் புதைக்கக் கூடாது என்று டிரினிட்டி சபை தீர்மானம் போட்டது. அவர்கள் ஊருக்கு வெளியே புதைக்கப்பட்டார்கள். அந்த இடம் 1991-இல், அரசு அலுவலகத்துக்கு அடித்தளம் தோண்டும்போது வெளிப்பட்டது. அங்கே போக, பிராட்வேயிலேயே இன்னும் பத்து நிமிடம் நடந்து, டுவேன் தெருவில் திரும்புங்கள். திறந்திருக்கும் நாட்களை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே கண்காட்சிக்குப் போகப் பையைச் சோதிப்பார்கள். வெளியே ஏழு புல்மேடுகள் இருக்கும். தோண்டியெடுத்த 400-க்கும் மேற்பட்டோரை 2003-இல் மறுபடி அடக்கம் செய்தது அங்கேதான்.