வீணையை யார் தூக்குவது?



சரஸ்வதி பூசையன்று நம் ஆலயங்களில் வைக்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். தாயின் மடியில் வீணை ஒரு பூமாலை மாதிரி லேசாகக் கிடக்கும். நிஜ வீணையை ஒரு முறை தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் சங்கதி தெரியும். 4 அடிக்கு மேல் நீளம், சுமார் 8 கிலோ எடை. ஒரு முனையில் பானை மாதிரி குடம், மறு முனையில் எதில் பட்டாலும் உடையக்கூடிய யாளி முகம். பிடிக்கக் கைப்பிடி கிடையாது.

இந்தப் பாடத்தில் ராகமும் இல்லை, தாளமும் இல்லை. இப்படிப்பட்ட வாத்தியத்தை வீட்டிலிருந்து வகுப்புக்கும், வகுப்பிலிருந்து மேடைக்கும் எப்படிக் கொண்டுபோவது என்பதைத்தான் பேசப் போகிறோம். அற்ப விஷயமாகத் தெரியலாம். ஆனால் என்னோடு வீணை கற்கத் தொடங்கிய பிள்ளைகளில் பாதிப் பேர் வயலினுக்கும் கீபோர்டுக்கும் மாறிவிட்டார்கள். விரல் வலிக்காக மாறியவர்கள் குறைவு. கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரை வாரா வாரம் யார் கொண்டுவந்து விடுவது என்று அப்பா அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாமல் மாறியவர்கள்தான் அதிகம்.

வீணை ஏன் இப்படி இருக்கிறது? 17ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில்தான் 24 மெட்டுகள் நிலையாகப் பதித்த இன்றைய வீணை உருவானது என்பார்கள். பலா மரத்தில் செய்கிறார்கள். குடம், தண்டி, யாளி எல்லாம் ஒரே மரத்துண்டில் குடைந்து எடுத்தால் அது ஏகாந்த வீணை. தனித்தனியாகச் செய்து இணைத்தால் ஒட்டு வீணை. ஏகாந்தத்தின் நாதத்துக்குத் தனி மதிப்பு உண்டு, விலையும் அப்படியே. ஆனால் ஒரே மரம் என்பதால் அதைப் பிரிக்கவே முடியாது.

அப்போ என்ன செய்வது? நமக்கு முன்னால் இதே தொல்லையைச் சந்தித்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். நம் ஆலயங்களில் தேவாரத்துக்கும் பஜனைக்கும் வாசிக்கும் ஆர்மோனியம் நல்ல உதாரணம். 1840களில் பாரிஸில் அலெக்சாந்தர் தெபேன் காப்புரிமை பெற்ற ஆர்மோனியம், மேசை அளவுக்குப் பெரியது. நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு காலாலும் மிதித்துக் காற்றடித்து, இரண்டு கையாலும் வாசிக்க வேண்டும். பாதிரிமார்கள் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் 1875இல் அதைக் கையடக்கமாக்கினார். மிதிகட்டையை எடுத்துவிட்டுத் துருத்தியைப் பின்பக்கம் வைத்தார். தரையில் உட்கார்ந்து ஒரு கையால் காற்றடித்து, மறு கையால் வாசிக்கலாம். இன்று அது சூட்கேஸ் மாதிரி மடிந்துகொள்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கோஷ் சும்மா சின்னதாக்கவில்லை, ஒரு கையையே விட்டுக்கொடுத்தார். மேல்நாட்டு இசையில் அது பெரிய நஷ்டம். அங்கே இரண்டு கையும் சேர்ந்துதான் பல சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்க வேண்டும். நம் இசை ஒற்றை இழையாகப் போவது. அதற்கு ஒரு கை தாராளமாகப் போதும். விட்டது நமக்குத் தேவையில்லாதது, கிடைத்தது ஊர் ஊராய்க் கொண்டுபோகும் வசதி. (ஆர்மோனியத்தில் கமகம் வராது என்ற சண்டை வேறு கதை. அதை இன்னொரு நாள் பேசலாம்.)

தம்புராவுக்கும் இதுதான் நடந்தது. பெங்களூரில் ராடெல் நிறுவனத்தைத் தொடங்கிய ராஜ் நாராயண் 1979இல் மின்னணுச் சுருதிப்பெட்டியைக் கொண்டுவந்தார். இன்று அது கைப்பேசிக்குள்ளேயே வந்துவிட்டது. நல்ல தம்புராவின் ரீங்காரம் அதில் முழுசாக வராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ரயிலில் தம்புராவைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்கள் யாரும் அதற்காக அழுததாக நான் கேள்விப்பட்டதில்லை.

வீணையில் எதை விட்டுக்கொடுக்கலாம்? முதலில் சுரைக்காய். தண்டியின் அடியில் திருகி மாட்டும் அந்த இரண்டாவது குடம், இடது தொடையில் வீணையைத் தாங்குவதற்குத்தான் பெரிதும் பயன்படுகிறது. நாதத்துக்கு அதன் பங்கு குறைவு. ஆகவே பயணத்தில் அதைக் கழற்றித் தனிப் பையில் வையுங்கள். வீணையின் பருமன் உடனே குறைந்துவிடும்.

இரண்டாவது, ஒரே மரம் என்ற பெருமை. தண்டியைக் குடத்திலிருந்து கழற்றி மாட்டும் பயண வீணைகளை இப்போது செய்கிறார்கள். ஒவ்வொரு முறையும் தந்திகளைத் தளர்த்தி, மாட்டி, மறுபடி சுருதி சேர்க்க வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும், காதும் பழகியிருக்க வேண்டும். என் அபிப்பிராயத்தில் அடிக்கடி பயணம் செய்கிறவர்களுக்கு அது நல்லது. புதிதாகக் கற்கிற பத்து வயதுப் பிள்ளைக்குச் சரிவராது. மின்னணு வீணையும் உண்டு. குடத்துக்குப் பதில் ஒலிபெருக்கி, எடை ரொம்பக் குறைவு. தந்தியை மெட்டின்மேல் இழுத்துக் கமகம் பிடிக்கும் அந்த விரல் வேலை அதிலும் அப்படியே இருக்கிறது. அந்த வேலை இருக்கும் வரை அதை வீணை என்றுதான் நான் சொல்வேன். அது போய்விட்டால் அப்புறம் கீபோர்டே வாங்கலாம்.

இனி நம் ஊர்ப் பாதைக்கு வருவோம். கிள்ளானிலிருந்து கேடிஎம் கொமுட்டரில் கேஎல் சென்ட்ரல், அங்கிருந்து ஜாலான் துன் சம்பந்தன். காலை நெரிசலில் வீணையோடு ஏறவே ஏறாதீர்கள். சனிக்கிழமை பத்து மணிக்கு மேல் நிம்மதியாக நிற்கலாம். பெண்பிள்ளைகளுக்கு நடுவில் உள்ள மகளிர் பெட்டி வசதி. வீணையைப் படுக்கவைத்தால் நாலு பேர் காலில் இடிக்கும். அதனால் குடம் கீழே, யாளி மேலே இருக்கும்படி செங்குத்தாக நிறுத்தி, ஒரு கையால் தண்டியை அணைத்துக்கொள்ளுங்கள். நகரும் படிக்கட்டைத் தவிர்த்து மின்தூக்கியில் போங்கள். இரண்டு தோளிலும் மாட்டும் பஞ்சுறைதான் ரயிலுக்கு ஏற்றது. கண்ணாடியிழைப் பெட்டி பாதுகாப்பானது, ஆனால் அதன் எடையும் உங்கள் தலையில். பெட்டிதான் வேண்டுமென்றால் குடப்பக்கம் சக்கரம் வைத்ததாகப் பாருங்கள், கனம் அந்தப் பக்கம்தான்.

கார் இருக்கிறவர்களுக்கு வேறொரு ஆபத்து. மைவியில் முன் இருக்கையைச் சாய்த்துவிட்டு, குடத்தைப் பின் இருக்கையில் வைத்து, தண்டியை முன்னே நீட்டினால் வீணை அழகாக உட்காரும். ஆனால் சாப்பிடப் போகும்போது அதைக் காரிலேயே விட்டுப் போகாதீர்கள். வீணையின் மெட்டுகள் தேன்மெழுகில்தான் பதிந்திருக்கின்றன. தேன்மெழுகு 62, 63 பாகை செல்சியஸில் உருகும். அதற்கு வெகு முன்பே இளகிவிடும். நம் ஊர் வெயிலில் மூடிய காருக்குள் 50 பாகையைத் தாண்ட அதிக நேரம் ஆகாது. ஒரு மெட்டு இம்மி நகர்ந்தாலும் சுரம் பிசகும். பிறகு மெழுகை எடுத்து, 24 மெட்டுகளையும் காதால் கேட்டுக் கேட்டு மறுபடி பதிக்க வேண்டும். இதற்கு மேளம் கட்டுதல் என்று பெயர். அது தெரிந்தவர் இங்கே எனக்கு அறிமுகமானவர்களில் இரண்டே பேர்.

விமானம் என்றால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கைப்பையாக 7 கிலோதான் பொதுவாக அனுமதிக்கிறார்கள், ஆகவே வீணை சரக்கறைக்குத்தான் போகும். தந்திகளைத் தளர்த்துங்கள், யாளியின் கழுத்தைச் சுற்றித் துணி அடையுங்கள்.

இவ்வளவும் சொன்னபிறகு ஒன்றைக் கேட்கிறேன். பியானோ வாசிக்கிறவர் பியானோவைத் தூக்கிக்கொண்டா வருகிறார்? ஹோரோவிட்ஸ் போன்ற மேதை 1986இல் மாஸ்கோவுக்குத் தன் பியானோவையே கொண்டுபோனார், உண்மைதான். மற்றவர்கள் அரங்கத்தில் இருப்பதைத்தான் வாசிக்கிறார்கள். நாமும் அப்படிச் செய்தால் என்ன? வீட்டில் ஒரு வீணை, வகுப்பு நடக்கும் இடத்தில் ஒரு வீணை. இரண்டும் நகர வேண்டாம். வீட்டுக்கு வாங்க முடியாத பிள்ளைகள் வாரநாள் மாலைகளில் ஆலய மண்டபத்திலேயே வந்து சாதகம் செய்யலாம்.

இதற்குப் பெரிய நிதியெல்லாம் வேண்டாம். உறுமி மேளக் குழுக்களைப் பாருங்கள். அங்கே மேளங்கள் பெரும்பாலும் குழுவின் சொத்து. தைப்பூசத்துக்கு வேன் பிடித்து எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றுகிறார்கள், இறங்கியதும் ஆளுக்கொன்றாகத் தூக்குகிறார்கள். யாரும் தனியாகச் சுமப்பதில்லை. ஒரு கிளை ஒரு ஒட்டு வீணையை வாங்கி, தன் ஆலயத்தில் வெயில் படாத அறையில் வைக்கலாம். சாவிக்கு ஒருவர் பொறுப்பு, பதிவேட்டில் எடுத்தவர் பெயர், மாதம் ஒரு முறை தந்திகளைப் பார்ப்பது, மழைக்காலத்தில் மரம் ஈரம் இழுக்காமல் உறைக்குள் வைப்பது. இவ்வளவுதான் வேலை.

விரல் வழுக்கிச் செல்லத் தொட்டுக்கொள்ளும் எண்ணெய்ப் பஞ்சு மட்டும் அவரவருடையதாக இருக்கட்டும். ஒரு சின்ன டப்பா, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கொமுட்டரில் ஏறிவிடலாம்.