வெறும் பிக்கப் குதித்தால் பட்டையை உருவலாமா?

செம்பனைக் குலையை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் தோட்டத்துச் செம்மண் பாதையில் திரும்பும்போது, பிக்கப் குதிக்கிற குதியில் இடுப்பே கழன்றுவிடும். அதனால்தான் "ரெண்டு பட்டையை உருவிப் போடுங்கண்ணே, மெத்தை மாதிரி போகும்" என்ற யோசனை ஜாசின், பெம்பான் பக்கமெல்லாம் எளிதில் எடுபடுகிறது. இது ஆபத்தான யோசனை.

பின் சக்கரத்தருகே குனிந்து பாருங்கள். வளைந்த எஃகுப் பட்டைகள் அடுக்காக இருக்கும். பல வண்டிகளில் அடிப்பட்டை மட்டும் தடித்து, ஏறக்குறைய நேராக, மற்றவற்றோடு ஒட்டாமல் நிற்கும். சுமை ஏறி மேற்பட்டைகள் தாழ்ந்த பிறகுதான் அதற்கு வேலை. அதை உருவினால் வெறும் வண்டியின் குலுக்கல் குறையப் போவதில்லை. மேற்பட்டையை உருவினாலோ, ஏறக்குறைய 1 டன் தாங்க வேண்டிய ஸ்பிரிங் பலம் இழக்கும். வண்டியின் பின்புறமும் தாழும். சில வண்டிகளில் பின்புற உயரத்தைப் பார்த்துப் பின் பிரேக்கின் விசையைக் கூட்டிக் குறைக்கும் வால்வு உண்டு. அங்கே பிரேக்கின் கணக்கே தப்பிவிடும்.

குலுக்கலைக் குறைக்க முதலில் பார்க்க வேண்டியது டயர் காற்று. சுமைக்கென்று இறுக்கமாக அடித்த காற்றோடு வாரம் முழுக்க வெறும் வண்டியை ஓட்டுகிறவர்கள் ஏராளம். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். பல மாடல்களில் வெறும் வண்டிக்கு ஓர் அளவு, முழுச் சுமைக்கு வேறு அளவு என்று அதிலேயே போட்டிருப்பார்கள். "எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு சுகம்" என்பதும் தவறுதான். அந்த அளவுக்கும் கீழே போனால் டயர் சூடேறி வெடிக்கக்கூடும். சுமை ஏற்றும் நாளில் மறக்காமல் கூட்டிவிட வேண்டும்.

அடுத்தது அப்சோர்பர். அது எடையைத் தாங்குவதில்லை. ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குகிறது. ஒரே குழியில் விழுந்த வண்டி இரண்டு மூன்று முறை ஆடினாலோ, அப்சோர்பரில் எண்ணெய்க் கசிவு தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள்.

வண்டியின் பின்னால் மணல் மூட்டை போட்டால் குலுக்கல் கொஞ்சம் குறைவது உண்மை. ஆனால் கட்டாத மூட்டை, திடீர் பிரேக்கில் முன்னால் பாய்ந்து வந்து மோதும். பெட்ரோலோ டீசலோ, அந்தச் செலவும் கூடும்.

2014இல் அறிமுகமான நிசான் நவாராவின் நான்கு கதவு வகைகள் பலவற்றில் பின்புறம் பட்டைக்குப் பதில் சுருள் ஸ்பிரிங்தான். பட்டை வண்டி வைத்திருப்பவர்கள், நாளைக் காலை டயர் சூடேறும் முன் காற்றை அளந்து பாருங்கள். பட்டறைக்குப் போவதைப் பிறகு யோசிக்கலாம்.