வேலை மாறும் முன் ஒரு கேள்வி



கடந்த வாரம் மஃரிபுக்குப் பின் ஒரு வாலிபர் வந்தார். "ஹஜ்ரத், வேறொரு கம்பெனியில் 8,000 ரூபாய் கூடுதலாகத் தருகிறார்கள். திங்கட்கிழமையே சேரச் சொல்கிறார்கள். இஸ்திகாரா செய்யலாமா?" என்றார்.

"இப்போதைய முதலாளியிடம் என்ன பேசியிருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். தலை குனிந்தார். ஒரு மாதம் முன்பே சொல்லிவிட்டுத்தான் விலகுவேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். தங்கையின் திருமணத்திற்கு வாங்கிய அட்வான்ஸும் பாக்கி.

நல்ல சம்பளம் தேடுவது குற்றமல்ல. ஆனால் ஆகுமான காரியங்களில் எது நல்லது என்று அல்லாஹ்விடம் கேட்பதே இஸ்திகாரா. வாக்கை முறிப்பதற்கு இஸ்திகாரா கிடையாது. ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே கட்டளையிடுகிறது.

மூஸா (அலை) அவர்கள் மத்யனில் 8 ஆண்டுகள் வேலை செய்ய ஒப்புக்கொண்டார்கள், விரும்பினால் 10. அவர்கள் 10 ஆண்டுகளையும் நிறைவு செய்ததாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறுகிறார்கள். தவணையை முடித்துக் குடும்பத்துடன் புறப்பட்ட அந்தப் பயணத்தில்தான் தூர் மலையருகே நபித்துவம் கிடைத்தது.

ஆகவே அவரிடம் சொன்னேன்: "புதிய இடத்தில் ஒரு மாத அவகாசம் கேளுங்கள். அட்வான்ஸை அடைக்க வழி பேசுங்கள். அங்கே வேலை ஹலாலானதா, ஜும்ஆவுக்கு விடுவார்களா என்று விசாரியுங்கள். வீட்டாரிடம் மஷ்வரா செய்யுங்கள். பிறகு 2 ரக்அத் நஃபில் தொழுது இஸ்திகாரா துஆ ஓதுங்கள். கனவு வர வேண்டும் என்பதில்லை."

"அதற்குள் அந்த வேலை போய்விட்டால்?" என்றார்.

"உங்களுக்கென்று எழுதப்பட்ட ரிஸ்க் ஒரு மாதத்தில் காலாவதியாகாது, தம்பி."

அமானிதம் பேணி, ஹலாலான ரிஸ்க்கைத் தேடும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.