குழுத் தலைமை ஏன்?

இணைய விளையாட்டில் முன்பின் அறியாதவர்களைத் திரட்டித் தலைமையேற்க ஒருவர் ஏன் வலிய முன்வருகிறார்? அதிகார ஆசை என்பர் சிலர். காத்திருப்பின் சலிப்பே காரணம் என்பது என் கருத்து.

2004-இல் வெளிவந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டில், 2016-இல் 'மித்திக் பிளஸ்' சேர்க்கப்பட்டது. அதற்கு ஐவர் தேவை: அடி தாங்கும் 'டேங்க்' ஒருவர், காயம் ஆற்றும் 'ஹீலர்' ஒருவர், தாக்குபவர் மூவர். தாக்குபவருக்கா பஞ்சம்! என்னைப் போன்றோர் விண்ணப்பித்துவிட்டு, வேலை தேடும் பட்டதாரிபோல் காத்திருக்க வேண்டியதுதான். தானே குழு அமைப்பவருக்கோ இடம் உறுதி. மற்ற நால்வரைத் தேர்ந்தெடுப்பவரும் அவரே.

ஆனால், நுழைவுக்கான 'கீஸ்டோன்' பெரும்பாலும் தலைவருடையது. குறித்த நேரத்தில் முடிக்காவிட்டால் பொதுவாக அதன் நிலை ஒன்று இறங்கிவிடும். யாரோ ஒருவர் பாதியில் கழன்றுகொண்டாலும் நட்டம் அவருக்கே. அதனால்தான் அவ்வளவு கறாராக ஆள் பார்க்கிறார்கள்.