வாயில் திறந்தால் போதுமா?

சிற்றூர் மாணவன் கல்லூரிக்கு வாராமைக்கு அறிவுக் குறைவே காரணம் என்பார் உளர். தமிழ்நாட்டு வரலாறு அக்கூற்றை மறுக்கிறது.

தொழிற்கல்விக்கான மாநில நுழைவுத் தேர்வை 2006-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கிற்று. பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்ட இயலாதவனும் பள்ளி மதிப்பெண்ணைக் கொண்டே இடம் பெறலாயினான். பின்னர் நீட் வந்தது. அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவம் புகுவோர் விரல்விட்டு எண்ணத்தக்கவராயினர். 2020-இல் அவர்களுக்கென 7.5 விழுக்காடு இடங்கள் ஒதுக்கப்பட்டன, நூற்றுக்கணக்கானோர் சேர்ந்தனர். ஓராண்டில் மாணவர் அறிவு மாறிவிடவில்லை, மாறியது வாயில்தான்.

ஆனால் வாயில் திறந்தால் மட்டும் போதுமா? போதாது. முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை உண்டு. அதற்குச் சான்றிதழ் வேண்டும். எந்த அலுவலகத்தில், எந்த நாளுக்குள் பெறுவது? வீட்டில் எவரும் கல்லூரியைக் கண்டதில்லை எனில் யாரைக் கேட்பான்? எவனுக்காகச் சலுகை வந்ததோ, அவனுக்கே அச்செய்தி கடைசியில் சென்று சேர்கிறது.

மும்பைத் தமிழருக்கு மற்றுமொரு சிக்கல். ஒரு மாநிலத்துப் பட்டியல் சாதியினர் வேறு மாநிலத்தில் குடியேறினால், புகுந்த மாநிலத்தில் அந்த ஒதுக்கீட்டைக் கோர இயலாது என உச்ச நீதிமன்றம் 1990-இல் தீர்ப்பளித்தது. அவ்வழக்கு எழுந்ததே இந்நகரின் சேத் ஜி. எஸ். மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை பற்றித்தான். ஊரில் தந்தை பெற்ற சான்றை நம்பி இங்கே விண்ணப்பிக்குமுன் இதனை அறிதல் நன்று.

சேர்ந்த பின் மொழி மலைக்க வைக்கும். முடுக்கம் யாதெனத் தெளிவாக அறிந்தவன், 'ஆக்சிலரேஷன்' என்ற சொல்லைக் கேட்டுத் திகைக்கிறான். பொருள் தெரியும், அதன் புதுப்பெயர் தெரியாது. இதை அறியாமை என்று ஆசிரியர் எண்ணுவார். நாளடைவில் அவனும் அவ்வாறே எண்ணத் தொடங்குவான். அங்கேதான் ஒரு நல்ல மாணவனை நாம் இழக்கிறோம்.

தோழர்களே, நாம் செய்யத்தக்கவை மூன்று. தேர்வு முடிவு வெளியாகும் மே, சூன் திங்கள்களில் விக்ரோலி, தாராவி, செம்பூர்ப் பகுதிகளில் ஞாயிறுதோறும் அமர்ந்து விண்ணப்பங்களைச் சரிபார்த்தல் ஒன்று. தேவையான சான்றுகளையும் கடைசி நாள்களையும் ஒரே தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தல் இரண்டு. பாடத்துக்கு நூறு சொற்களாகத் தமிழும் ஆங்கிலமும் இணைத்த பட்டியல் ஒன்றை அந்தந்தத் துறை மாணவரே ஆக்குதல் மூன்று. மூன்றுக்கும் பெரும்பொருள் வேண்டா. நாள் தவறாத உழைப்பு வேண்டும்.

வேதியியலில் வினையூக்கி என்று ஒன்றுண்டு. அது வினைபடு பொருளுக்குப் புது வலிமை எதையும் ஊட்டுவதில்லை. தடை குறைந்த வேறொரு வழியைத் தருகிறது. முடிவில் தானும் குறைவதில்லை. முன் சென்ற மாணவன் பின் வருவோனுக்குச் செய்யக்கூடிய உதவியும் அத்தகையதே. வலிமை அவனிடம் உண்டு; வழியை நாம் காட்டுவோம்.

— முதுகலை அறிவியல் மாணவன், விக்ரோலி