மருந்தில்லாத ஊசி தோள்வலியைத் தீர்க்குமா?

கேள்வி: எனக்கு 43 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக இருக்கிறேன். ஆர்டர் அவசரம் என்றால் ஒன்றரை ஷிஃப்ட் ஓட்ட வேண்டியிருக்கும். ஏழெட்டு மாதமாக வலது தோளும் கழுத்தோரமும் இறுகிக் கிடக்கின்றன. தலையை வலப்பக்கம் திருப்ப முடியவில்லை. பின்னல் போடக் கையைத் தூக்கினால் உயிர் போகிறது. எக்ஸ்ரே பார்த்துவிட்டு, கழுத்தெலும்பு லேசாகத் தேய்ந்திருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை தீர்ந்ததும் வலி திரும்பிவிடுகிறது. நான்கு வருடமாகச் சுகருக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். எங்கள் லைனில் இருக்கும் அக்கா ஒருவர் பிசியோதெரபி கிளினிக்கில் ‘ட்ரை நீடிலிங்’ போட்டுக்கொண்டு இரண்டே நாளில் வேலைக்கு வந்துவிட்டார். நானும் அங்கே போய் விசாரித்தேன். பத்து முறை போட வேண்டும், மொத்தமாக முன்பணம் கட்டினால் சலுகை உண்டு என்கிறார்கள். இது அக்குபஞ்சர்தானா? ஊசி ஆழமாகப் போகுமாமே, ஆபத்து இல்லையா? என் மாமியாருக்கும் முழங்கால் வலி. இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். அவருக்கும் போடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: பணத்தை இப்போது கட்டாதீர்கள் சகோதரி. ஊசியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் தோளையும் கழுத்தையும் யாராவது தொட்டு, அசைத்துப் பார்த்ததாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. வலி எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் பத்து ஊசிக்கு விலை பேசுவது முறையாகாது.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். வலது முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். முழங்கை விலகாமல், முன்கையை மட்டும் வெளிப்பக்கமாகத் திருப்புங்கள். இடது கையிலும் அதையே செய்து அளவை ஒப்பிடுங்கள். அடுத்து, வலது கையை நீங்கள் தளர்வாக விட்டுவிட, வீட்டில் ஒருவர் மெல்லத் திருப்பட்டும். அவர் திருப்பும்போது இடது கை அளவுக்கு வந்துவிட்டால் மூட்டு நன்றாக இருக்கிறது. தசையையோ தசைநாணையோதான் சந்தேகிக்க வேண்டும். அவராலும் முடியாமல் பாதியிலேயே முட்டி நின்றால், மூட்டைச் சுற்றியுள்ள உறை இறுகியிருக்கலாம். ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ என்பார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகம் வரும் என்பதால்தான் இதை முதலில் கேட்கிறேன். உறை இறுகியிருக்கும்போது மேலே உள்ள தசையில் எத்தனை ஊசி போட்டாலும், வலி கொஞ்சம் மட்டுப்படலாமே தவிர பின்னல் போடும் உயரத்துக்குக் கை போகாது. அதற்கான சிகிச்சை வேறு; எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

வலி கை வழியாக இறங்கி விரல்கள் மரத்துப்போனாலோ, பிடித்த துணி நழுவினாலோ அது கழுத்து நரம்பின் வேலையாக இருக்கலாம். காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, படுத்தால் கூடும் வலி இருந்தாலும் ஊசிப் பேச்சே கூடாது. எக்ஸ்ரேயில் தெரிந்த தேய்மானத்தைப் பார்த்து மட்டும் பயப்படாதீர்கள். வலியே இல்லாத நாற்பது வயதுக்காரர்கள் பலரின் எக்ஸ்ரேயிலும் அது தெரியும்.

இது எதுவும் இல்லை என்றால், தலையை வலப்பக்கம் திருப்ப முடியவில்லை என்ற உங்கள் ஒரு வாக்கியமே எனக்கு நிறையச் சொல்கிறது. கழுத்தெலும்பிலிருந்து தோள்பட்டை எலும்பின் மேல்முனைக்கு இறங்கும் ஒரு தசை உண்டு. அது இறுகினால், எந்தப் பக்கம் வலிக்கிறதோ அந்தப் பக்கம்தான் திரும்ப மறுக்கும். தலை குனிந்து, கையை முன்னே நீட்டி, நாள் முழுக்கத் துணியைத் தள்ளுகிறவர்களுக்கு இந்தத் தசையும், அதன் மேலே போர்த்தியிருக்கும் பெரிய தசையும்தான் முதலில் மக்கர் செய்யும். விரலால் அழுத்தினால் கயிறுபோல் ஒரு முறுக்கும், அதில் ஒரு புள்ளியில் சுள்ளென்ற வலியும் தெரியும். இந்தப் புள்ளிக்குத்தான் ட்ரை நீடிலிங்.

ஊசியில் மருந்து கிடையாது. உள்ளே துளையும் கிடையாது. 0.25 அல்லது 0.30 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பிதான். ஆஸ்பத்திரியில் தசையில் போடும் ஊசி இதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் தடிமன். அந்தப் புள்ளியில் ஊசி படும்போது தசை தானாக ஒருமுறை துள்ளும். அந்தக் கணம் வலிக்கும், வலிக்காது என்று சொல்பவரை நம்பாதீர்கள். ஊசி அக்குபஞ்சர் ஊசிதான். குத்தும் இடத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு: அங்கே சீன மருத்துவத்தின் நாடிக்கோடுகள், இங்கே விரலில் தட்டுப்படும் முறுக்கு. இரண்டும் ஒன்றா வேறா என்ற சண்டை அந்தந்தத் தொழில்காரர்களுக்குள் ஓயவில்லை. உங்கள் தோளுக்கு அதில் அக்கறை இல்லை.

இந்த வலிப்புள்ளிகளை உடல் முழுக்க வரைபடமாக்கியவர் ஜேனட் டிராவெல் என்ற அமெரிக்க மருத்துவர். ஜான் கென்னடியின் முதுகுவலிக்கு வைத்தியம் பார்த்து, அவர் அதிபரானதும் வெள்ளை மாளிகை மருத்துவரானவர். டேவிட் சைமன்ஸுடன் சேர்ந்து அவர் எழுதிய நூலின் முதல் தொகுதி 1983-இல் வந்தது. டிராவெல் புள்ளியில் மரப்பு மருந்தைச் செலுத்தினார். மருந்து தேவையில்லை, ஊசியே போதும் என்று 1979-இல் எழுதியவர் செக் நாட்டு மருத்துவர் காரெல் லெவிட். அவர் 241 நோயாளிகளைப் பார்த்தார். கிட்டத்தட்ட 87 சதவீத இடங்களில் வலி உடனே தணிந்தது. விளம்பரம் செய்கிறவர்கள் இந்த எண்ணோடு நிறுத்திக்கொள்வார்கள். அதே கட்டுரையில் இன்னொரு எண் இருக்கிறது: தொடர்ந்து கவனித்த 288 இடங்களில் நிலையாக நிவாரணம் கிடைத்தது 92-இல்தான். மற்றவற்றில் பெரும்பாலானவற்றில் சில மாதம், சில வாரம், சில நாள்தான்.

பிறகு வந்த ஆய்வுகளும் பெரிதாக வேறு கதை சொல்லவில்லை. 2017-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிடவும் ஊசி போடுவதுபோல் பாவனை மட்டும் செய்யும் பொய்யூசியைவிடவும் 12 வாரம் வரை வலி ஓரளவு குறைகிறது, மற்ற பிசியோதெரபி முறைகளைவிட அன்றாடச் செயல்பாட்டில் பெரிய மேன்மை இல்லை, நீண்டகாலப் பலனுக்குச் சான்று போதாது என்றே தெரிந்தது. வலிப்புள்ளி என்ற கோட்பாட்டையே ஏற்காத மருத்துவர்களும் உண்டு. ஒரே தோளை இரண்டு பேர் தடவிப் பார்த்தால் ஒரே புள்ளியைக் காட்டுவதில்லை என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இருக்கிறது.

ஆக, ஊசி தருவது அவகாசம். சில நாளோ சில வாரமோ தோள் இளகியிருக்கும். அந்த நேரத்தில் தசையைப் பலப்படுத்தினால் பிழைத்தது. பழையபடியே மிஷினில் குனிந்தால் வலி பழையபடியே வரும். உங்கள் லைன் அக்காவை மூன்று மாதம் கழித்துக் கேட்டுப் பாருங்கள்.

பலப்படுத்துவது பற்றி நல்ல செய்தி உண்டு. டென்மார்க்கில் கழுத்துத்தசை வலியுள்ள பெண்களை வைத்து 2008-இல் ஓர் ஆய்வு நடந்தது. வாரம் மூன்று முறை, 20 நிமிடம், 10 வாரம் எடை தூக்கித் தோளைப் பயிற்சி செய்தவர்களுக்கு வலி வெகுவாகக் குறைந்தது. சைக்கிள் மிதித்தவர்களுக்கு அந்த நேரத்துக்கு மட்டும் கொஞ்சம் சுகம். 20 நிமிடத்துக்கு எங்கே போவேன் என்பீர்கள். அதே குழுவினர் 2011-இல் ரப்பர் பட்டையை வைத்து நாளுக்கு 2 நிமிடம், 12 நிமிடம் என்று பிரித்துப் பார்த்தார்கள். 2 நிமிடக்காரர்களுக்கும் ஏறக்குறைய அதே பலன். இரண்டு கையிலும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலோடு நின்று, தோள்களைக் காதை நோக்கி மெல்லத் தூக்கி, இன்னும் மெல்ல இறக்குங்கள். பத்து முறை. பாரம் சுலபமானதும் இரண்டு லிட்டருக்கு மாறுங்கள். ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் இது வேண்டும்.

மிஷின் பலகை உங்கள் முழங்கை மட்டத்துக்குச் சற்று மேலே இருந்தால் கழுத்து குறைவாகக் குனியும். பெஞ்சில் துணியை மடித்துப் போட்டு உயரமாக உட்கார்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இடுப்புக்கு இதமாக இருக்கும், கழுத்துக்குக் கேடு. ஸ்டூலின் உயரத்தை மாற்றித் தருவது கம்பெனிக்குப் பெரிய செலவும் இல்லை, சூப்பர்வைசரிடம் கேளுங்கள்.

இனி ஆபத்து. அமெரிக்காவில் 20,464 முறை போடப்பட்ட ஊசிச் சிகிச்சைகளைக் கணக்கெடுத்து 2020-இல் வெளியிட்டார்கள். ரத்தக்கட்டு, சிறு கசிவு, ஊசி போட்ட இடத்தில் வலி போன்ற சில்லறைத் தொந்தரவுகள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். பெரிய பாதிப்பு 20 மட்டுமே. அரிதுதான். ஆனால் உங்களுக்கு ஊசி போட வேண்டிய இடம் நுரையீரலுக்கு மிக அருகே இருக்கிறது. நுரையீரலின் நுனி காறையெலும்புக்கு மேலேயே இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் எட்டிப் பார்க்கும். 2013-இல் டோரின் யேட்டர்-வாலஸ் என்ற அமெரிக்கப் பனிச்சறுக்கு வீரருக்கு இந்தச் சிகிச்சையில் ஊசி நுரையீரலைத் துளைத்தது. சோச்சி ஒலிம்பிக் நெருங்கிக்கொண்டிருந்த நேரம். கவனமாகச் செய்பவர் உங்களைப் படுக்க வைத்து, தசையை இரு விரல்களால் பிடித்துத் தூக்கி, அந்தப் பிடிக்குள் மட்டும் ஊசியைச் செலுத்துவார். உட்கார வைத்து நேராகக் கீழ்நோக்கிக் குத்த வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஊசி பாக்கெட்டை உங்கள் கண் முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். இந்தத் தசையில் எத்தனை பேருக்குப் போட்டிருக்கிறார் என்று கேளுங்கள். வார இறுதிப் பயிற்சியில் சான்றிதழ் வாங்கி வந்தவர்களும் உண்டு. கேட்டதற்கு முகம் சுளித்தால் அதுவே பதில். சுகர் கட்டுக்குள் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தோலில் தொற்று வரலாம். சம்பளம் வாங்கிய சனிக்கிழமை மாலையில் போட்டுக்கொண்டால் ஞாயிறு ஒரு நாள் ஓய்வு கிடைக்கும். ஊசிக்குப் பிந்தைய வலி ஒன்றிரண்டு நாள் இருக்கும். அன்றோ மறுநாளோ மூச்சு வாங்கினாலும், மூச்சை இழுக்கும்போது நெஞ்சு குத்தினாலும், வறட்டு இருமல் வந்தாலும் கிளினிக்குக்குப் போன் செய்துகொண்டிருக்காமல் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய், தோளில் ஊசி போட்டதைச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு முறைக்கும் தனியாகப் பணம் கொடுங்கள். இரண்டு மூன்று முறையில் தலை திரும்பும் அளவு கூடவில்லை என்றால் நான்காவது வேண்டாம்.

மாமியாருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மூட்டுத் தேய்மானத்தை ஊசி மாற்றாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ஆழத்தசையில் ரத்தம் கட்டினால் வெளியே தெரியவும் நேரமாகும். நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நேராக நீட்டி ஐந்து எண்ணும் வரை பிடித்து இறக்கட்டும், காலையும் மாலையும் பத்து முறை. ஊசிக்காக நான்கு நாள் மாத்திரையை நிறுத்தச் சொல்லி யாராவது ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஸ்டென்ட் வைத்தவர் அந்த மாத்திரையை இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாள்கூட விடக் கூடாது.