இம்யூனிட்டியை எவ்வளவு ஏற்றலாம்?

கொரோனா ஓய்ந்தாலும் இந்தப் பேச்சு ஓயவில்லை. "எதிர்ப்பு சக்தியை எவ்வளவு ஏத்துறோமோ அவ்வளவு நல்லது சார்." கஷாயப் பொடி முதல் பிஸ்கட் பாக்கெட் வரை இதே பல்லவி. எதுவரை ஏற்றுவது என்று ஒருவரும் கேட்பதில்லை.

உடம்பு கேட்கிறது. கிருமி தட்டுப்பட்டதும், கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் அணுவில் என்.எஃப். கப்பா-பி என்ற புரதம் உட்கருவுக்குள் நுழைந்து, டி.என்.எஃப்., ஐ.எல்.-6 முதலான சைட்டோகைன்களின் (எதிர்ப்பு அணுக்கள் சேதி சொல்ல விடும் புரதங்களின்) மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. கையோடு ஐகப்பா-பி மரபணுவையும் முடுக்குகிறது. அதில் உருவாகும் புரதம் செய்யும் முதல் வேலை, முடுக்கிவிட்ட ஆளையே பிடித்து உட்கருவுக்கு வெளியே தள்ளுவது! அதோடும் விடுவதில்லை. டி.என்.எஃப்.புக்கான தூது ஆர்.என்.ஏ.வின் வால்பக்கம் ஏ, யு என்ற எழுத்துகள் மண்டிய துண்டு ஒன்று உண்டு. டிரிஸ்டெட்ராப்ரோலின் என்ற புரதம் அங்கே ஒட்டிக்கொண்டு, அந்த ஆர்.என்.ஏ. சீக்கிரம் சிதைய வழிசெய்கிறது. வாயில் நுழையாத பெயர்தான். வேலையை மட்டும் நினைவில் வையுங்கள்.

1996-இல் டிரிஸ்டெட்ராப்ரோலின் மரபணுவை நீக்கிய சுண்டெலிகளைப் பற்றிய ஆய்வு வெளியானது. பிறக்கும்போது நன்றாகத்தான் இருந்தன. பிறகு உடல் மெலிந்து, மூட்டு வீங்கி, தோல் புண்ணாகிப்போயின. டி.என்.எஃப்.பை முடக்கும் எதிர்ப்பொருள் கொடுத்து வளர்த்த எலிகள் பெரும்பாலும் தப்பின. சைட்டோகைன் "ஏறிய" எலிகளின் கதி இது.

மனிதருக்கு? 2006-இல் லண்டனில் டி.ஜி.என்.1412 என்ற, எதிர்ப்பு மண்டலத்தின் டி அணுக்களை உசுப்பும் மருந்தை ஆரோக்கியமான ஆறு பேருக்குச் செலுத்தினார்கள். சில மணி நேரத்தில் சைட்டோகைன் புயல். ஆறு பேரும் தீவிர சிகிச்சைப் பிரிவில். உயிர் பிழைத்தார்கள். இன்னும் "ஏத்தணுமா"?

காய்ச்சலைக் கிருமி நேரடியாகக் கிளப்புகிறது என்பார்கள். பெரும்பாலும் நம் சைட்டோகைன்கள்தான் மூளைக்குச் சேதி சொல்லிச் சூட்டை ஏற்றுகின்றன. அந்தச் சைட்டோகைனை மஞ்சள் அடக்குமாம். ஆய்வகத் தட்டில் அடக்கியிருக்கிறது, ஆனால் வயிற்றுக்குள் போன மஞ்சளின் குர்குமின் ரத்தத்தில் சேர்வது சொற்பம். ரசத்துக்குப் போடுங்கள், போதும்.

ஸ்டீராய்டு விஷம் என்பதும் அரைகுறைப் பேச்சு. சைட்டோகைன் மரபணுக்களை அடக்கும் மருந்து அது. 2020-இல் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்த கொரோனா நோயாளிகளின் இறப்பை டெக்ஸாமெத்தசோன் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலனில்லை. அதைத்தான் சளிக்கும் உடம்புவலிக்கும் சில மருந்துக்கடைகளில் சீட்டில்லாமல் மடித்துக் கொடுக்கிறார்கள். உதிரி மாத்திரை கொடுத்தால் அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்றிருந்தால், மருத்துவர் எழுதித் தராமல் வாங்காதீர்கள்.